எடுக்கக் கூடாத அழைப்பு

அந்த அலுவலகத்தில் காலையில் தொலைபேசி அடித்தால் யாரும் எடுக்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாளே பாய்ந்து போய் எடுத்துவிடுவார்கள். மறுமுனையில் யாராவது ஒரு பெரியவர், "அய்யய்யோ, எடுத்துட்டீங்களா? என் காசு போச்சே!" என்று அலறுவார். அதற்குள் சாவியம்மா வந்துவிடுவாள். "எடுக்காதீங்க. ரெண்டு தடவை அடிச்சு தானா நின்னுடும். நின்னா, அவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள். புதியவர்கள் தலையாட்டுவார்கள். கொஞ்ச நாளில் வேறு ஒரு பெரிய அமைப்பில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவருக்குச் சாவியம்மா முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் மேஜைக்கு எதிரே சுவரில் இருந்த மரப்பலகை. அதில் மேலே ஒரு வரிசை ஆணி, கீழே ஒரு வரிசை ஆணி. நகரத்தில் துணைக்கு ஆளில்லாமல் தனியாக வாழும் நாற்பது பேர் தங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ராத்திரி எல்லாச் சாவிகளும் மேல் வரிசையில் தொங்கும். காலையில் எழுந்ததும் அவரவர் இந்த அலுவலகத்தின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். தொலைபேசியின் சின்னத் திரையில் எண் தெரியும். யார் என்று பார்த்து அவருடைய சாவியைக் கழற்றிக் கீழ் வரிசையில் மாட்டுவாள். ஒன்பது மணிக்குப் பிறகும் மேலேயே தொங்குகிற சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இவ்வளவுதான் ஏற்பாடு. பேச்சும் கிடையாது, செலவும் கிடையாது.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூங்கிப்போயிருப்பார்கள். அல்லது போனில் சார்ஜ் போட மறந்திருப்பார்கள். மூச்சிரைக்க மாடியேறிப் போய் நிற்கிறவளைப் பார்த்து, "என்னம்மா, நான் போய்ச் சேர்ந்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்று கிண்டல் வேறு. ஆனால் சில தடவை அப்படி இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தவர், சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவர் என்று உயிரோடு மீட்ட கதைகளும் உண்டு. அந்தக் கதைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

அவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் அந்த வயது போய்விட்டது. பிறகு அப்பாவும் போய்விட்டார். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வீட்டில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் சீப்பும் கத்தரிக்கோலும் நிற்கும். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "நல்லா இருக்கியாக்கா?" "நல்லா இருக்கேன்டி." அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படாது. மற்ற நாட்களில் அவளுடைய கைபேசி மேஜை மேல் சும்மா கிடக்கும். அவள் காலையில் எழுந்தாளா இல்லையா என்று பார்க்க எந்தப் பலகையிலும் சாவி இல்லை. அதைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை என்றுதான் சொல்லுவாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

இனி அந்த அலுவலகத்தை நடத்திய சங்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தில் சங்கங்களுக்குக் குறைச்சலே இல்லை. ஒரே தெருவில் மூன்று அமைப்புகள் வந்து மரம் நடும். தண்ணீர் ஊற்ற ஒருவரும் வரமாட்டார்கள். ஏனென்றால் நடுவதற்குத்தான் நிதி உண்டு, ஊற்றுவதற்குக் கிடையாது. இந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகையும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சட்டை போட்டுக்கொள்ளும். ஒரு வருஷம் தெருத் தூய்மை, அடுத்த வருஷம் இளைஞர் திறன் வளர்ப்பு, அப்புறம் மழைநீர். நிதி கொடுக்கிறவர்களுக்கு எந்த ஆண்டு எதில் மனம் போகிறதோ அதுவே சங்கத்தின் லட்சியம். முதியோர் மீது அவர்களுக்குக் கருணை பிறந்த ஆண்டில்தான் சாவியம்மாவின் பலகைக்கும் ஒரு திட்டத்தின் பெயர் கிடைத்தது. அதற்கு முன்பு பல வருஷமாக அவள் அதைக் கணக்கு எழுதும் வேலைக்கு நடுவே, கேட்பாரற்றுச் செய்துகொண்டிருந்தாள்.

தலைவர் ஓய்வு பெற்ற அரசுப் பொறியாளர். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவர்தான், அன்றிலிருந்து இன்றுவரை தலைவரும் அவர்தான். பொதுக்குழு கூட்டினால் நாற்காலிகள் காற்று வாங்கும். செயலாளர் என்று ஒருவர் இருந்தார். அவரை ஊருக்குள் பார்த்தவர் இல்லை. "நான் ஒரு நாள் கண்ணை மூடிட்டா இதை யார் பாத்துக்குவா?" என்று தலைவர் அடிக்கடி கேட்பார். கேள்வி நியாயமானதுதான். யாரையும் பார்த்துக்கொள்ள விடாமல் வைத்திருந்தவரும் அவரே என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொன்னதில்லை. மற்றபடி நல்ல மனுஷன். வாடகை கட்ட முடியாத மாதங்களில் தன் ஓய்வூதியத்தில் கைவைத்தவர்.

முதியோர் திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் கூடவே ஒரு கருவியும் கொடுத்தார்கள். தொலைபேசியோடு இணைத்துவிட்டால், யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தானே பதிவு செய்துகொள்ளும். முதல் காலாண்டு முடிந்ததும் மதிப்பீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, பணிவான பேச்சு. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மூணு மாசத்துல ஆயிரக்கணக்குல கால் வந்திருக்கு. நீங்க ஒண்ணைக்கூட எடுக்கலையே?"

"ஆமா," என்றாள் சாவியம்மா.

"ஒண்ணைக்கூடவா?"

"புதுசா வந்தவங்க எடுத்தது ரெண்டு மூணு இருக்கும். அது தெரியாம எடுத்தது. இனிமே நடக்காது."

அந்தப் பெண் விழித்தாள். சாவியம்மா அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அம்மாவும் தனியாத்தான் இருக்காங்க மேடம்," என்றாள். பிறகு திரும்பவும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். "ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா இதை நான் எந்தக் கட்டத்துல போடுறது? இங்க 'உரையாடிய நிமிடங்கள்'னுதான் இருக்கு." வெகு தயக்கத்தோடு அந்தக் கட்டத்தில் சைபரைப் போட்டுவிட்டுப் போனாள்.

தலைவருக்குத் தகவல் போனதும் ஆடிப்போய்விட்டார். "சைபரா? இருபது வருஷம் மாடா உழைச்சு கடைசியில நம்ம சாதனை சைபரா?" என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுத்த காலாண்டும் இப்படியே போனால் நிதி நின்றுவிடும் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. "நாளையிலருந்து எல்லா காலையும் எடும்மா. ஆளுக்கு அஞ்சு நிமிஷமாவது பேசு."

"சார், நான் ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருந்தா மத்தவங்க கால் எப்படி வரும்? ஒரே லைன்தானே."

"இன்னொரு லைன் வாங்க இந்தத் திட்டத்துல இடம் இல்லம்மா. பயிற்சி வகுப்பு வேணும்னா நடத்தலாம். அதுக்கு இருக்கு."

"அப்படின்னா காலையில எடுக்காம இருக்கேன். மத்தியானம் நானே ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசுறேன்."

தலைவர் உடனே நிதி கொடுப்பவர்களுக்குப் போன் போட்டு விசாரித்தார். அதுவும் செல்லாதாம். பயனாளி தானே முன்வந்து கூப்பிட்டுப் பேசினால்தான் கணக்கில் சேருமாம். நாம் கூப்பிட்டால் தொந்தரவு செய்வதாக ஆகிவிடுமாம். வேறு வழியில்லாமல் சாவியம்மா தலையாட்டினாள். பயிற்சி வகுப்பு மட்டும் ஜாம் ஜாம் என்று நடந்தது. "உரையாடும் கலை" என்று பெரிய பேனர், வெளியிலிருந்து ஒரு நிபுணர், பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். படத்தில் கூட்டம் தெரிய வேண்டும் என்று மண்டபத்தைப் பெருக்க வந்தவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அவள் எடுக்க ஆரம்பித்த முதல் நாள் களேபரம்தான். பாதிப் பேர் பதறிப்போனார்கள். தையல்காரர் என்று எல்லோரும் அழைக்கும் பெரியவர் இத்தனை வருஷத்தில் ஒரு காலைகூடத் தவறவிட்டதில்லை. மனைவி போன பிறகும் வீட்டிலேயே மெஷின் வைத்துப் பழைய துணிகளைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் குரலைக் கேட்டதும், "என்னம்மா ஆச்சு? உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. இனிமே அஞ்சு நிமிஷம் பேசணும்."

"எதைப் பத்தி?"

அவளுக்கும் தெரியவில்லை. பிறகு அவர் மெஷினை மிதிக்கிற சத்தம் கேட்டது. கருவி அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டது. கடைசியில் அவர் கூச்சத்தோடு, "அப்போ வெச்சிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

ரேடியோ அம்மா விஷயம் வேறு. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது புறப்படும் என்று அறிவிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. தன் குரலை ஊரே கேட்ட காலம் போய்ச் சுவர் மட்டும் கேட்கிற காலம் வந்துவிட்டது. தொலைபேசியை ஒருவர் எடுத்துவிட்டார் என்றதும் மடை திறந்த மாதிரி கொட்டினாள். சாவியம்மா 'ம்' கொட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது ரேடியோ அம்மா நடுவில் நிறுத்தி, "அது சரி, நீ நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?" என்று கேட்டாள்.

"ரொட்டி."

"தொட்டுக்க?"

"ஒண்ணும் இல்லை."

"வெறும் ரொட்டியா? நீ என்ன ஜெயில்லயா இருக்க?"

சாவியம்மா சிரித்துவிட்டாள். நீ என்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் யாராவது கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு அவளுக்குக் காலை நேரம் பிடித்துப்போனது. இதை மறைக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் வரும்போதே, இன்றைக்கு ரேடியோ அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டே வருவாள். கண்டக்டரோடு சண்டை போட்ட ஆள், குடைக்குள் பூனையை வைத்துக்கொண்டு போன பெண் என்று எதையாவது சேகரித்துவிடுவாள். ராத்திரி ரொட்டிக்கு ஒரு குழம்பும் வைக்க ஆரம்பித்தாள். காலையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. ஐந்து நிமிஷம் பத்தாகி, பத்து இருபதாகிவிட்டது. கருவி மட்டும் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே இருந்தது.

பலகையில்தான் குழப்பம். ஒரே லைன், யாராவது பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு 'பிஸி' என்றுதான் வரும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் பாதிச் சாவிகள் மேலேயே தொங்கும். ஆரம்பத்தில் அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். "அடிச்சேனேம்மா, பிஸின்னு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கேன்" என்றார்கள் எல்லோரும். இப்படியே ஓடினால் யார் பேசுவது? சில வாரங்களில் ஓட்டம் குறைந்தது. மேலே தொங்குகிற சாவி என்றால் 'பிஸி' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். முன்பெல்லாம் ஒரு சாவி நகராவிட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடும். இப்போது நகராத சாவிகள் கண்ணுக்குப் பழகிவிட்டன.

ஒரு நாள் காலையில் ரேடியோ அம்மா ஒரு கதை சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் தவறான வண்டியை அறிவித்து, ஒரு கல்யாணக் கூட்டமே மாப்பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய் இறங்கிய கதை. "பொண்ணு வீட்டுல ஒரே அழுகையாம். மாப்பிள்ளை மட்டும் அங்க இறங்கி நிம்மதியா டீ குடிச்சானாம்" என்று அவள் சொல்ல, சாவியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது தையல்காரரின் சாவி மேலே தொங்குவதைப் பார்த்தாள். பார்த்தாள். பிஸி என்று வந்திருக்கும், பிறகு அடிப்பார் என்று நினைத்தாள். "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கதையைக் கேட்டாள்.

மறுநாளும் அந்தச் சாவி மேலேயே இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போதுதான் உறைத்தது. நேற்றும் அது கீழே வரவில்லை. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாவியோடு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் அவர் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உதடு வெடித்து, கண் குழிவிழுந்து போயிருந்தது. கையில் போனைப் பிடித்திருந்தார். அது எப்போதோ அணைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. "வந்துட்டியாம்மா," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"இவர் எனக்கு தினம் போன் பண்ணுவார்," என்றாள் சாவியம்மா. நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டாள்.

கொஞ்சம் தெளிந்த ஒரு சமயத்தில் அவரே சொன்னார். விழுந்ததும் எப்படியோ போனை எட்டி எடுத்துவிட்டாராம். அவருக்குப் பார்க்காமல் போடத் தெரிந்தது அந்த ஒரு எண்தான்.

"அடிச்சேன்மா. பிஸின்னு வந்துச்சு. திரும்பவும் அடிச்சேன், அப்பவும் பிஸி. சரி, யாரோ பேசிட்டிருக்காங்க, தனியா இருக்கிறவங்க பாவம், பேசி முடிக்கட்டும்னு கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் போன் செத்துப்போச்சு."

குற்றம் சொல்கிற தொனியே அதில் இல்லை. வரிசையில் தனக்கு முன்னால் நின்றவருக்கு வழிவிட்ட மாதிரிதான் சொன்னார். சாவியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது யார் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சில நாளில் நெஞ்சில் சளி கட்டி அவர் இறந்துபோனார். கடைசிக் காரியத்துக்குச் சங்கத்திலிருந்து அவளும் தலைவரும் மட்டும் போனார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் குடைக்குள் பூனையை வைத்திருந்த அந்தப் பெண் மறுபடி ஏறினாள். சாவியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் காலாண்டு அறிக்கை போனது. உரையாடிய நிமிடங்கள் மலை மாதிரி ஏறியிருந்தன. நிதி கொடுப்பவர்கள் பூரித்துப்போய், இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கப்போவதாக எழுதினார்கள். தையல்காரர் அந்த அறிக்கையில் 'விலகிய பயனாளி: ஒருவர்' என்று இருந்தார்.

சாவியம்மா தலைவரின் அறைக்குப் போய் நின்றாள். "சார், அவர் விலகலை. கூப்பிட்டார். நான் லைன்ல இருந்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "எனக்குத் தெரியும்மா. ரெண்டு நாளா எனக்கும் தூக்கமில்லை. ஆனா இப்போ போய் எடுக்காம விட்டா நிதி நின்னுடும். உன் சம்பளம், இந்த இடத்து வாடகை, எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கிறவங்களை அப்புறம் யார் பாப்பா? பேசுறதும் நல்லதுதானே? அந்த ரேடியோ அம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்கு!"

"ஆமா சார். நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்," என்றாள் அவள். "அதனாலதான் சொல்றேன். நான் இனிமே எடுக்கமாட்டேன்."

அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் எடுக்கவில்லை. அடுத்த அறிக்கையில் மறுபடி சைபர் வந்தது. மதிப்பீட்டுக்கு வந்த அந்தப் பெண் இந்தத் தடவை நேரில் வராமல் போனில் அழுதாள். அவள் கையில் ஒன்றுமில்லை. திட்டம் மூடப்பட்டது. கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெயர்ப்பலகையில் பிளாஸ்டிக் ஒழிப்பு என்று புது எழுத்து ஏறியது. தலைவர் சாவியம்மாவைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் மேஜையையும் போனையும் நீ வெச்சுக்கோ. அதுக்கு மேல என்னால முடியாதும்மா." அந்தச் சங்கத்தின் வாழ்நாளில் யாரும் நிதி கொடுக்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது ஒன்றுதான். சாவியம்மா பத்து மணிக்கு மேல் ஒரு மருந்துக் கடையில் ரசீது போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னாள். "பழையபடி ரெண்டு தடவை அடிச்சு வெச்சிடுங்க. நான் எடுக்கமாட்டேன்." பெரும்பாலோருக்கு நிம்மதி. "அப்பாடா, காசு மிச்சம்" என்றார் ஒருவர். ரேடியோ அம்மா வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். கடைசிக்குத் தள்ளிப்போட்டாள் என்பதே சரி.

ரேடியோ அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். தையல்காரர் கதையைக் கேட்டபோது வாயைப் பொத்திக்கொண்டாள். எந்த நாள் என்று கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வேறு ஒன்று கேட்டாள்.

"அப்போ இத்தனை நாள் எங்கிட்ட பேசினது ரிப்போர்ட்டுக்கா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னாலும் பொய். "ஆரம்பத்துல அதுக்குத்தான்," என்றாள் சாவியம்மா. ரேடியோ அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைத் தானே சாத்திக்கொண்டு இவள் இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து எல்லோரையும் போல ரேடியோ அம்மாவிடமிருந்தும் காலையில் அழைப்பு வந்தது. சரியாக இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். எண்ணைப் பார்த்ததும் சாவியம்மாவின் கை தானாக ரிசீவர் பக்கம் போகும். மற்றக் கையால் அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு எழுந்து சாவியைக் கீழே மாட்டுவாள். ராத்திரிக் குழம்பு நின்றுபோயிற்று. காலை முழுவதும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு மனிதக் குரலும் கேட்காது. முன்பு வருஷக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. அப்போது அது வலித்ததில்லை, இப்போது வலித்தது.

மழை பெய்த ஒரு காலையில் ரேடியோ அம்மாவின் சாவி மேலேயே நின்றது. ஒன்பது ஆயிற்று. மற்றவை எல்லாம் கீழே வந்துவிட்டன. சாவியம்மா குடையை மறந்து சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தெரு முழுக்கத் தண்ணீர், ஒரு செருப்பு அறுந்தது, அதை அங்கேயே விட்டாள். மாடியில் ஈரக் கையில் வழுக்கிச் சாவி பூட்டுக்குள் போகமாட்டேன் என்றது. திறந்ததும் தரையைத்தான் முதலில் பார்த்தாள்.

தரையில் யாரும் இல்லை. ரேடியோ அம்மா தலைசீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் இரண்டு தட்டு, மூடிவைத்த பாத்திரம்.

சாவியம்மா வாசலிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் கத்தினாள். "ஏன் அடிக்கலை? போன் கெட்டுப்போச்சா? உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? நான் என்னன்னு நினைச்சேன் தெரியுமா?" அழுகையும் கோபமுமாக வார்த்தை குழறியது. மருந்துக் கடைக்காரர் திட்டப்போவதும், சொட்டச் சொட்ட நனைந்திருப்பதும் எல்லாம் சேர்ந்து வந்தது.

ரேடியோ அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஊருக்கே வண்டி அறிவித்த அந்தக் குரல் மிகவும் சின்னதாக வெளியே வந்தது.

"அடிச்சா நீ எடுக்கமாட்டே. அடிக்காம இருந்தாத்தானே வருவே."

இப்படிச் செய்யக் கூடாது, செய்தால் நிஜமாகவே ஒரு நாள் நான் வராமல் போய்விடுவேன் என்று சாவியம்மா சொல்ல வேண்டும். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பலகையில் மற்றச் சாவிகள் எல்லாம் கீழே வந்துவிட்டதை அவள் மனதுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, ஈரக் காலைக் கால்மிதியில் துடைத்துவிட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.